குழித்தறிப் படங்கள் தாளில் இருண்டுபோகின்றன: பிழை திரையிலா, பிரிண்டரிலா?

தறிநிழல் | திங்கள், இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். ஆரணிப் பக்கம் குழித்தறியில் பட்டு நெய்யும் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். அவற்றில் 22 படங்களைத் தேர்ந்தெடுத்து, எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் 12க்கு 18 அங்குல அளவில் காட்சிக்கு வைக்கப்போகிறேன். இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. அச்சு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

தறி வீடுகளுக்குள் வெளிச்சம் குறைவு. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, திறந்த வாசல், அவ்வளவுதான். அந்த மங்கலில்தான் அவர்களுடைய வாழ்க்கை நடக்கிறது என்பதால் ஃபிளாஷ் போடாமல் எடுத்தேன். திரையில் பார்க்கும்போது அரக்கு நிறப் பாவின் (தறியில் நீளவாட்டில் கட்டிய இழைகள்) மேல் பெரியவரின் விரல்கள் அத்தனை தெளிவாக இருக்கின்றன. நகக்கண்ணில் ஒட்டிய சாயம்கூடத் தெரிகிறது. அச்சிட்டால் கையும் பாவும் ஒன்றாகி, ஒரு கருந்திட்டுதான் மிஞ்சுகிறது.

வீட்டில் இருப்பது ஆறு வண்ண மை டேங்க் பிரிண்டர். மை அந்த நிறுவனத்துடையதல்ல, கடையில் கிடைக்கும் மாற்று மை. தாள் 260 ஜிஎஸ்எம் லஸ்டர் (அரைப் பளபளப்பு). சந்தேகத்துக்காக மூன்று படங்களை நகரத்தில் உள்ள, படம் அச்சிடும் ஒரு லேபுக்கும் அனுப்பினேன். அங்கிருந்து வந்தவையும் இருட்டுதான். வீட்டு அச்சில் இருட்டோடு ஒரு செம்மையும் சேர்ந்திருக்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரண்டு மடங்கு) ஏற்றிப் பார்த்தேன், வாசல் வெளிச்சம் வெளுத்துப்போய்விட்டது.

24 அங்குல மானிட்டர், வாங்கியபோது இருந்த அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலும் இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.


முகில்72 | திங்கள், இரவு 11.15

எனக்கும் இதே தொல்லை இருந்தது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் அச்சுப் பகுதியின் அடியில் 'பிரிண்ட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதில் பிரைட்னஸை 20 அல்லது 25க்கு ஏற்றி அச்சிடுங்கள். மூலப் படம் மாறாது, தாளுக்குப் போகும்போது மட்டும் வெளிச்சம் கூடும். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.


இருட்டறை | செவ்வாய், காலை 6.20

தறிநிழல் தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். லேபிலிருந்து வந்த அச்சையும் வீட்டு அச்சையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு வாசல் திண்ணைக்கு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழல் போதும். இரண்டு நிமிடம் வெளியே நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு பாருங்கள். விரல்கள் தெரிகின்றனவா?

தெரிந்தால், அந்த விவரம் தாளில் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் அறையில் அதைக் காட்டுவதற்கு வெளிச்சம்தான் இல்லை. வெளியிலும் தெரியாவிட்டால் கோப்பிலோ பிரிண்டரிலோ பிழை இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் மருந்து தேடக் கூடாது.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கையால் அச்சிட்டவன். சிவப்பு விளக்கின் கீழ் தட்டில் மிதக்கும் படம் ஒரு மாதிரி இருக்கும், வெள்ளை விளக்கைப் போட்டதும் வேறு மாதிரி இருக்கும். ஃபைபர் தாள் காய்ந்த பிறகு இன்னும் சற்று இருளும். அதனால் ஈரத்தில் சரியாகத் தெரிகிற படத்துக்கு ஒளியைச் சில விழுக்காடு குறைத்துக் கொடுப்போம். எந்த வெளிச்சத்தில் நின்று தீர்ப்புச் சொல்கிறோம் என்று கேட்காமல் அந்த நாளில் ஒரு தாளைக்கூட நாங்கள் முடித்ததில்லை. திரை வந்த பிறகு அந்தக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முகில்72 சொல்வது அவசரத்துக்கு உதவும், அதை மறுக்கவில்லை. லைட்ரூமின் நான்காம் பதிப்பில், 2012இல், அந்த வசதி வந்ததே இத்தனை பேர் இருட்டு அச்சால் அவதிப்பட்டதால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 20 என்ற எண் எதைச் சார்ந்து நிற்கிறது? உங்கள் மானிட்டரின் இன்றைய வெளிச்சத்தை. நாளை யாராவது அதன் பொத்தானை அழுத்திவிட்டால் 20 என்பது பொருளற்றுப் போகும்.


தறிநிழல் | செவ்வாய், காலை 10.35

ஐயா, திண்ணையில் நின்றபடியே எழுதுகிறேன். லேப் அச்சில் விரல்கள் தெரிகின்றன! கோர்வை சேரும் இடத்தில், அதாவது சேலையின் உடலும் கரையும் இணையும் இடத்தில், பெரியவர் நகத்தால் இழையை ஒதுக்குவதுகூடத் தெரிகிறது. நேற்றிரவு கிழித்துப் போட இருந்த தாள் இது.

வீட்டு அச்சு அப்படியில்லை. வெளியில் வைத்தாலும் லேப் அச்சைவிடக் கனமாகவும் செம்மையாகவும் இருக்கிறது. பாவின் அடிப்பகுதி இன்னும் கட்டியாகத்தான் கிடக்கிறது. ஆக, இரண்டு வேறு பிழைகள் என்று எடுத்துக்கொள்ளலாமா?


இருட்டறை | செவ்வாய், காலை 11.02

ஆம், இரண்டு. முதலில் பொதுவான பிழையைத் தீருங்கள். அது திரை. வீட்டு பிரிண்டரின் கோளாற்றை அதற்குப் பிறகு பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொட்டால் எது எதைக் குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.


கடல்வழி | செவ்வாய், பிற்பகல் 2.10

திரையைப் பற்றிப் பேசுவதானால் எண்களை வைத்துப் பேசலாம். திரையின் ஒளியை அளக்கும் அளவுகருவி என்னிடம் இல்லாத காலத்தில் கேமராவையே கருவியாக்கிக்கொண்டேன்.

மானிட்டரில் முழுத் திரைக்கும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கேமராவை ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 4 என்று வைத்து, வெள்ளை மட்டுமே சட்டகத்தை நிரப்பும்படி நெருங்கி, கேமராவின் மீட்டர் நடுவில் நிற்கும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் ஆக வேண்டியதில்லை. 1/60 நொடி வந்தால் உங்கள் திரையின் வெள்ளை ஏறத்தாழ சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா (ஒளிர்வின் அலகு). 1/125 வந்தால் சுமார் 250. 1/30 வந்தால் 60. ஷட்டர் எண்ணை இரண்டால் பெருக்கினால் போதும். கேமராவுக்குக் கேமரா சற்று வேறுபடும், ஆனால் நமக்கு வேண்டிய துல்லியத்துக்கு இது போதுமானது.

அடுத்த படிதான் முக்கியமானது. அச்சிடும் தாளில் அச்சில்லாத வெள்ளைத் தாள் ஒன்றை, நீங்கள் வழக்கமாக அச்சுகளைப் பார்க்கும் இடத்தில், அந்த நேரத்து விளக்கிலேயே வைத்து, இதே முறையில் அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

பின்னணிக்கு ஒரு செய்தி. எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணவெளியை (கோப்பின் எண்கள் எந்தெந்த நிறங்களைக் குறிக்கும் என்ற வரையறை) 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்மொழிந்தபோது, திரையின் வெள்ளை 80 கேண்டெலா என்றே வரையறுத்தார்கள். இன்று பெட்டியிலிருந்து எடுக்கும் மானிட்டர் 250 முதல் 350 வரை கொடுக்கிறது. பகல் வெளிச்சம் நிறைந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கவும் படம் பார்க்கவும் அது வசதி. அச்சுக்குப் படம் திருத்துகிறவருக்கு அது கண்ணைக் கூசவைக்கும் விளக்கு.


தறிநிழல் | செவ்வாய், இரவு 9.05

அளந்துவிட்டேன். திரை: எஃப் 4, 1/160. நான் அச்சுகளைப் பார்க்கும் மேசையில், கூடத்து டியூப் லைட் வெளிச்சத்தில், வெற்றுத் தாள்: எஃப் 4, 1/15.

நீங்கள் சொன்ன கணக்குப்படி திரை 320 கேண்டெலா, தாள் 30. பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. இரண்டு முறை திரும்ப அளந்தேன், அதே எண்கள்தான்.


கடல்வழி | செவ்வாய், இரவு 9.40

மூன்றரை ஸ்டாப் வேறுபாடு. உங்கள் பிரிண்டர் பூவுலகில் மிகச் சிறந்த பிரிண்டராக இருந்தாலும் இந்த வேறுபாட்டை அதனால் நிரப்ப முடியாது. தாள் தானாக ஒளிர்வதில்லை, தன்மேல் விழுந்த ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

கணக்கு எளியது. தாள்மேல் விழும் ஒளியின் அளவான லக்ஸை 0.9ஆல் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் தாளின் ஒளி கேண்டெலாவில் வரும். 100 லக்ஸ் விழும் அறையில் தாள் 29 கேண்டெலாதான் தரும். உங்கள் 30க்கு இது பொருந்துகிறது. தாள் 100 கேண்டெலா தர வேண்டுமானால் சுமார் 350 லக்ஸ் வேண்டும். அச்சுத் துறைக்கான ஐஎஸ்ஓ 3664 என்ற தரநிலை, படத்தை நுணுகி ஒப்பிட 2000 லக்ஸும், வழக்கமான பார்வைக்கு 500 லக்ஸும் கேட்கிறது. நம் வீட்டுக் கூடங்கள் இரவில் இதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

அதனால் இரு பக்கத்திலிருந்தும் நடந்து நடுவில் சந்திக்க வேண்டும். திரையை இறக்குங்கள், பார்க்கும் இடத்தின் வெளிச்சத்தை ஏற்றுங்கள். இரண்டுக்கும் கேமரா ஒரே ஷட்டரைச் சொல்லும் வரை சரிசெய்யுங்கள். 80 சரியா, 120 சரியா என்று பல இடங்களில் சண்டை நடக்கிறது. என் கருத்தில் அந்த எண் புனிதமானதல்ல. உங்கள் மேசையில் தாளும் திரையும் ஒத்துப்போகும் எண் எதுவோ அதுதான் உங்கள் எண்.


முகில்72 | செவ்வாய், இரவு 10.20

இதைப் படித்துவிட்டு என் திரையையும் அளந்தேன். 1/125. என் 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்து அளவுகருவி வாங்கி மானிட்டரைச் சரிசெய்தேன். பிறகும் இருட்டு அச்சுதான் வந்தது. அதனால்தான் இந்தக் குறுக்குவழிக்குப் போனேன். அந்தக் கருவி பயனற்றதா?


கடல்வழி | செவ்வாய், இரவு 10.50

கருவி பயனுள்ளதுதான். ஆனால் அதன் மென்பொருள் தொடக்கத்தில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வெள்ளையின் ஒளி எவ்வளவு வேண்டும் என்பது. 'இருக்கிறபடி' என்று விட்டுவிட்டால், நிறத்தை மட்டும் நேராக்கிவிட்டு 250 கேண்டெலாவை அப்படியே வைத்துக்கொள்ளும். நிறம் மிகத் துல்லியமாக இருக்கும், அச்சு மட்டும் இருட்டாகவே வரும். டிஸ்ப்ளேகால் போன்ற இலவச மென்பொருளிலும் இந்த இலக்கை நாமே கொடுக்கலாம். இலக்கைக் கொடுத்து, மானிட்டரின் பொத்தானால் வெளிச்சத்தை இறக்கி, பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மானிட்டரின் பட்டியலில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'விவிட்', மின்சேமிப்பு என்று என்னென்ன இருக்கின்றனவோ அவற்றை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் 'நைட் லைட்', மடிக்கணினியில் தானாக வெளிச்சம் மாற்றும் சென்சார் இவையும் வேண்டாம். இவை இயங்கும்போது எடுத்த எந்த அளவும் ஒரு மணி நேரம்கூட நிலைக்காது.


வேம்பு | புதன், காலை 7.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இருட்டுதான், ஆனால் வேறு மாதிரி. லேபுக்கு அனுப்பிய படம் இருண்டதோடு நிறமும் செத்துப்போய் வந்திருக்கிறது. மஞ்சள் பூசிய முகம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. திண்ணைப் பரிசோதனையும் செய்துவிட்டேன், வெயிலிலும் அப்படியேதான் இருக்கிறது. என் தங்கையின் திருமணப் படங்கள் இவை.


வெண்தாள் | புதன், காலை 9.15

வேம்பு அக்கா, நான் லேபில் வேலை செய்கிறவன். நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கோப்பு புரோஃபோட்டோ ஆர்ஜிபி வண்ணவெளியில் இருக்க வேண்டும். லைட்ரூமிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பினால் இயல்பாக அந்த வண்ணவெளியில்தான் போகும். அங்கே திருத்தி அப்படியே ஜேபெக்காகச் சேமித்து அனுப்பினால், உள்ளே வண்ணவெளியைச் சொல்லும் புரொஃபைல் இருந்தாலும் பல லேப் இயந்திரங்கள் அதைப் படிக்காமல் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன.

புரோஃபோட்டோ மிக அகலமான வெளி. அதன் எண்களைச் சிறிய வெளியின் எண்களாகப் படித்தால் நிறம் வெளிறிவிடும். அதோடு அதன் காமா (எண்களை வெளிச்சமாக மாற்றும் வளைவு) 1.8. அதை 2.2 என்று படித்தால் நடுத்தொனிகள் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள்) எல்லாம் கீழே இறங்கிவிடும். இருட்டும் உயிரற்ற நிறமும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' மூலம் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அனுப்புங்கள். பக்கத்திலேயே 'அசைன் புரொஃபைல்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். அது எண்களை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். உங்கள் படத்துக்கு நேர்ந்த கேடே அதுதான்.

லேபிடம் 'தானியங்கித் திருத்தம் வேண்டாம்' என்றும் சொல்லிவிடுங்கள். இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் சராசரி வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி நிறைந்த படத்தை அது இருட்டாக்கும், இரவுப் படத்தை வெளுக்கவைக்கும். முகத்தை அதற்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேட்டி கட்டிய மாப்பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் கறுத்து வந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அன்றிலிருந்து திருமண ஆல்பங்களுக்கு அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் அச்சிடுகிறேன்.

தறிநிழல் அண்ணா, உங்கள் வீட்டு அச்சின் செம்மைக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ஃபோட்டோஷாப்பின் அச்சுப் பக்கத்தில் 'கலர் ஹேண்ட்லிங்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது? பிரிண்டரின் டிரைவரில் (கணினியில் அதை இயக்கும் மென்பொருள்) நிறத் திருத்தம் எந்த நிலையில் இருக்கிறது? இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் சோதனையும் செய்துவிடுங்கள்.


வேம்பு | புதன், காலை 10.05

புரோஃபோட்டோதான்! மாற்றி அனுப்பிவிட்டேன் தம்பி. மிக்க நன்றி.


தறிநிழல் | புதன், இரவு 9.30

நாசில் சோதனையில் எல்லாக் கோடுகளும் முழுமையாக இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் 'ஃபோட்டோஷாப் நிறங்களைக் கையாளும்' என்று இருக்கிறது, பிரிண்டர் நிறுவனத்தின் லஸ்டர் தாள் புரொஃபைலைத் தேர்ந்திருக்கிறேன். டிரைவரில் 'தானியங்கி' என்று இருக்கிறது. அதை நான் இதுவரை திறந்ததே இல்லை.


வெண்தாள் | புதன், இரவு 10.00

அதுதான் காரணம் அண்ணா. ஒரே படத்துக்கு இரண்டு பேர் நிறம் திருத்துகிறார்கள். ஃபோட்டோஷாப் தாளுக்கும் மைக்கும் ஏற்றபடி எண்களை மாற்றி அனுப்புகிறது. டிரைவர் அதை மாற்றாத படம் என்று நினைத்து மீண்டும் ஒருமுறை மாற்றுகிறது. உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவர் வந்து தெரியாமல் உப்புப் போடுவது போல. இருட்டும், சிவப்பு அல்லது மெஜந்தாச் சாயலும் இதன் வழக்கமான அடையாளம்.

டிரைவரில் நிறத் திருத்தத்தை 'வேண்டாம்' என்று வையுங்கள். தாள் வகையை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் எவ்வளவு மை ஊற்றுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இன்னொரு குறையும் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் புரொஃபைல் அந்த நிறுவனத்தின் தாளுக்கும் அந்த நிறுவனத்தின் மைக்கும் எழுதப்பட்டது. உங்களிடம் இருப்பது மாற்று மை. அந்த மை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. அது வேறு மை, அதனால் புரொஃபைல் பொருந்தாது. உங்கள் மை, உங்கள் தாள், உங்கள் பிரிண்டர் மூன்றுக்கும் சேர்த்துத் தனிப் புரொஃபைல் வேண்டும். நான் ஒரு அட்டவணைக் கோப்பு அனுப்புகிறேன். பல நூறு வண்ணக் கட்டங்கள் இருக்கும். எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அச்சிட்டு, ஒரு முழு நாள் காயவிட்டு, மடிக்காமல் அஞ்சலில் அனுப்புங்கள். எங்களிடம் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. அளந்து புரொஃபைல் செய்து தருகிறேன். காசு வேண்டாம். எங்கள் பாட்டி வீட்டிலும் தறி இருந்தது.


தறிநிழல் | சனி, இரவு 8.15

தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அட்டவணையை நேற்றே அனுப்பிவிட்டேன்.

டிரைவர் திருத்தத்தை நிறுத்தியதுமே செம்மை பெரும்பாலும் போய்விட்டது. இந்த இடைவெளியில் திரையை இறக்கினேன். மானிட்டரின் வெளிச்சம் 100க்கு 22இல் வந்து நிற்கிறது. மேசைக்கு மேலே எல்இடி விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். திரையும் தாளும் இப்போது இரண்டுமே எஃப் 4, 1/50.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய செய்தித்தாள் போல மங்கி இருந்தது. மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது. அதன் பிறகு தறிப் படங்களைத் திறந்தேன். பெரியவரின் கை திரையிலேயே இருண்டு கிடந்தது. தாளில் எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்த படம் கோப்பில் இருந்ததல்ல. என் மானிட்டரின் விளக்கில் இருந்தது. நெஞ்சு கனத்துவிட்டது. 22 படங்களையும் மறுபடி தொடங்க வேண்டும்.


இருட்டறை | சனி, இரவு 9.00

தம்பி, மனம் தளர வேண்டாம். இப்போது செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் தாளுக்குப் போய்ச் சேரும்.

எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள். வாசல் வெளிச்சம் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது, அதை அசைத்தால் முன்பு வெளுத்தது போலவே வெளுக்கும். வளைகோட்டை (கர்வ்ஸ்) எடுத்து நடுத்தொனிக்குச் சற்றுக் கீழே பிடித்து உயர்த்துங்கள், மேல்முனையும் அடிமுனையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு கையையும், குறுக்கு இழையான ஊடையை ஓட்டும் நாடாவையும் மட்டும் தூரிகையால் கொஞ்சம் தூக்குங்கள். இருட்டறையில் இதற்காக அட்டையை வெட்டிக் கம்பியில் ஒட்டி, ஒளிக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டிருப்போம்.

தறி வீட்டின் இருட்டை முழுவதும் துரத்திவிடாதீர்கள். மூலைகள் கறுப்பாகவே இருக்கட்டும். அந்தக் கறுப்புக்குள் ஒரு கை தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது. நம் மனிதர்களின் தோல் நிறம் நடுத்தொனிக்குக் கீழேதான் உட்காரும். அந்தப் பகுதியில்தான் அச்சு முதலில் தோற்கிறது. அரை ஸ்டாப் இருட்டு என்பது வெளுத்த முகத்துக்குச் சிறு குறை. நம் பெரியவருக்கு அது முகமே இல்லாமல் போவது. வெளியாரின் முகங்களை வைத்து அளந்த பொது அறிவுரைகளை இந்த இடத்தில் நம்பாதீர்கள்.

லைட்ரூமில் படத்தைச் சுற்றியுள்ள கருஞ்சாம்பல் பின்னணியை வெள்ளையாக மாற்றிவிட்டுப் பாருங்கள். கறுப்புச் சூழலில் எந்தப் படமும் வெளிச்சமாகத்தான் தோன்றும். தாளில் வெள்ளை ஓரம் இருக்கப்போகிறது அல்லவா?


கடல்வழி | ஞாயிறு, காலை 8.40

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திரைக்கும் தாளுக்கும் கறுப்பிலும் வேறுபாடு உண்டு. சாதாரண மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் 1000க்கு 1 என்ற விகிதம். நல்ல லஸ்டர் தாளில் 100 முதல் 200 வரை. மேட் தாளில் 40ஐ எட்டினாலே பெரிது. ஆகவே அடிமட்டத்தில் திரை காட்டும் நுண்ணிய படிகள் தாளில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். புதிய புரொஃபைல் வந்ததும் தாளில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் 'சாஃப்ட் புரூஃப்' வைத்துப் பாருங்கள், கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்புக்குப் பொருத்தும் 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' இயங்கட்டும்.

ஒரு சிறு சோதனை. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில் 0, 5, 10, 15 என்று 60 வரைக்குமான சாம்பல் கட்டங்களை அச்சிட்டு, எந்தக் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டம் பிரிந்து தெரிகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழே படத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.


தறிநிழல் | வியாழன், இரவு 9.50

புரொஃபைல் வந்துவிட்டது. கட்டங்களை அச்சிட்டேன். பழைய புரொஃபைலில் 30 வரை ஒரே கறுப்பு. புதியதில் 10க்கும் 15க்கும் இடையிலேயே பிரிகிறது. பெரியவரின் கட்டைவிரல் நிழல் 18இல் இருந்தது, அதைத் தூரிகையால் 30க்குக் கொண்டுவந்தேன். அச்சில் விரல் விரலாகத் தெரிகிறது.

இன்று மாலை நூலகக் கூடத்துக்குப் போய்ச் சுவரில் வெற்றுத் தாளை ஒட்டி அளந்தேன். எஃப் 4, 1/25. என் மேசையில் பாதிதான். அந்தச் சுவருக்கென்று எல்லாப் படங்களையும் இன்னும் வெளிச்சமாக்கி அச்சிடவா?


வெண்தாள் | வியாழன், இரவு 10.15

முதலில் விளக்கு கிடைக்குமா என்று கேளுங்கள் அண்ணா. படத்தை ஒருமுறை வெளுத்துவிட்டால் நாளை நல்ல கூடத்தில் மாட்டும்போது அது வெளிறித் தெரியும். விளக்கு வாங்கினால் சிஆர்ஐ (நிறங்களை உண்மையாகக் காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அரக்கு நிறம் பழுப்பாகிவிடும்.


இருட்டறை | வெள்ளி, காலை 6.05

நான் இதில் மாறுபடுகிறேன். விளக்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சுவருக்குத்தான் அச்சிட வேண்டும். பார்க்க வருகிறவர் அந்தச் சுவரின் முன்தான் நிற்கப்போகிறார், உங்கள் மேசையின் முன் அல்ல. ஒரே படத்தை இருக்கிறபடி ஒன்று, நடுத்தொனி கால் ஸ்டாப், அரை ஸ்டாப் உயர்த்தி இரண்டு என மூன்று சோதனைத் துண்டுகளாக அச்சிட்டு, அங்கேயே கொண்டுபோய் ஒட்டி, ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். கண் சொல்வதைக் கேளுங்கள்.


தறிநிழல் | ஞாயிறு, இரவு 7.30

நூலகர் அம்மா இரண்டு சுவர்களுக்கு விளக்கு போட இசைந்துவிட்டார். மூன்றாவது சுவரில் மின் இணைப்பு இல்லை. அங்கே தொங்கும் ஏழு படங்களுக்கு ஐயா சொன்னபடி துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன், கால் ஸ்டாப் போதுமாக இருந்தது. மற்ற 15 படங்களையும் மேசை அளவிலேயே அச்சிட்டுவிட்டேன்.

பெரியவரை நேற்று அழைத்துவந்து காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விரலால் தாளைத் தொடாமல் காட்டி, "இந்த இடத்தில் ஊடை அறுந்திருக்கிறது, அன்றைக்கு முடிந்தேன்" என்றார். அந்த முடிச்சு படத்தில் இருப்பது எனக்கே தெரியாது. ஒரு பிரதி வீட்டில் மாட்டக் கேட்டார்.

அவர் வீட்டுத் தறிக்குழியின் எதிர்ச் சுவரில் பகலில் அளந்துவிட்டு வந்தேன். எஃப் 4, 1/8. அந்தச் சுவருக்கென்று தனியாக ஒரு பிரதியை நடுத்தொனி முக்கால் ஸ்டாப் உயர்த்தி அச்சிட்டிருக்கிறேன். இரவு முழுவதும் காயட்டும். நாளை காலை கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் வந்து இன்னொன்று அச்சிடுவேன்.